பண்டிகைச் சந்தையும் பிரளயச் சிந்தையும்

சிவமயம்

உலகத்தார் யாவரும் கடைத்தெருவை நோக்கி ஓடுகின்ற ஒரு நாளிலே, ஒருவன் தன் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, இவையெல்லாம் ஒருநாள் அழிந்தொழியுமே என்று சிந்தித்திருப்பானாயின், அவன் செய்தது தவமா, சோம்பலா, அன்றிச் செருக்கா? சைவப் பாடசாலைகளிற் கற்பிக்கும் அன்பர்கள் முன்னிலையில் இவ்வினாவை வைக்கின்றோம். இது நூல்களைப் புரட்டியதனாற் பிறந்த வினாவன்று. 2025ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் எமக்கு நேர்ந்த சிறு நிகழ்ச்சியொன்றினாற் பிறந்து, அதனையடுத்த கார்த்திகைத் திங்களில் மலைநாட்டைச் சிதைத்த பெருந்துயரினால் முதிர்ந்து, எம்முள்ளத்தில் முள்ளென நிற்கும் வினா இது.

அவ்வாண்டிலே தீபாவளி ஒக்டோபர் 20ஆந் திகதி திங்கட்கிழமை வந்தது. தீபாவளிக்கு முதல்நாளில் மாத்தளை நகரம் எக்கோலங் கொள்ளும் என்பதை இந்நாட்டு மலையகத்தில் வாழ்வார் அறிவர். இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளை முதலிய பக்கங்களிலிருந்து வரும் பஸ்வண்டிகள் படிக்கட்டளவும் மக்களைச் சுமந்து வரும். பிரதான வீதியிலும் திருகோணமலை வீதியிலும் நடைபாதைகள் துணிக் குவியல்களுள் மறைந்துபோம். ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று வெல்லுமாறு கூவும். பட்டாசுக் கடையின் முன்னர்ச் சிறுவர் தந்தையரின் கையைப் பற்றியிழுப்பர். பாத்திரக் கடையின் முன்னர்ப் பெண்டிர் விலை பேசுவர். இனிப்புக் கடையின் வாயிலிலே வரிசையென்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே தோன்றாது. முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி உயர இராசகோபுரம் மாத்திரம் இவ்வாரவாரத்தினிடையே வாய்திறவாது நிற்கும். முந்திய ஆண்டுகளில் இக்கூட்டத்துட் பட்டு மூச்சுத் திணறிய அனுபவம் எமக்கு உண்டாதலின், அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை எனத் துணிந்து, வேண்டிய சிலவற்றை ஒரு கிழமைக்கு முன்னரே வாங்கி வைத்துவிட்டு, நாற்காலியை விறாந்தையில் இட்டு அமர்ந்தோம்.

தனிமை சிந்தனைக்குத் தாய். அன்று எம்முள்ளம் அழிவைப்பற்றியே சுழன்றது. இளமையிலே மிஷன் பாடசாலையொன்றிற் கற்றேமாதலின், நோவா என்பானுடைய காலத்து வெள்ளமும், உலக முடிவிலே நிகழுமென்று கிறித்தவ வேதத்தின் இறுதிப் பகுதி விரித்துரைக்கும் பயங்கரங்களும் எமது நினைவிற் பதிந்துள்ளன. அவற்றை வாசித்துக் காட்டிய உபாத்தியாயருடைய குரல் இன்றும் செவியில் ஒலிக்கின்றது. பிற்காலத்திற் சைவ நூல்களைப் பயிலத் தொடங்கியபோது, ஊழிக்காலத்திலே ஐம்பூதங்களும் ஒன்றனுள் ஒன்றாய் ஒடுங்கும் முறையினைக் கற்றோம். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து, தெருவிலே செல்வோரை நோக்கி, “ஐயகோ! இம்மாந்தர் எதனைத் தேடி ஓடுகின்றனர்? வாங்கிய துணி கந்தலாகும், உடுத்த உடல் சாம்பராகும், உடல் நின்ற மலையும் ஒருநாட் கரையும்” என்று எண்ணினோம். அவ்வெண்ணம் எமக்குத் துன்பந் தரவில்லை. உண்மையை ஒளியாது கூறின், அதிலே ஓர் இன்பமும் இருந்தது. பிறர் அறியாத ஒன்றை யாம் அறிந்தோம் என்னும் இன்பமே அது.

அவ்வேளையில் எம்மிடம் முன்னர்க் கற்ற மாணவனொருவனுடைய தாயார், தம் பேரப்பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு எமது படலையண்டை வந்து நின்றார். பல்லாண்டுகள் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் அவர். “பட்டணத்துக்குப் போறோங்க ஐயா, நீங்க வரலீங்களா? கூட்டத்துல புள்ளையக் கைவிட்டுறாம இருக்க ஒரு ஆளு தொணைக்கு வந்தா நல்லாருக்கும்” என்றார். யாம் நாற்காலியினின்றும் எழாமலே, பாதி விளையாட்டாகவும் பாதி உபதேசமாகவும், “மலையே ஒருநாள் கரையப் போகிறது அம்மா, இந்தச் சட்டை துணியெல்லாம் எதற்கு?” என்றோம். அவர் சிறிதும் தாமதியாது, “கரையிறப்பக் கரையட்டுங்க ஐயா, நாளைக்கு விடிஞ்சா இந்தப் புள்ள என்னத்த உடுத்தும்?” என்று கூறிச் சிரித்து, பிள்ளையை நடத்திக்கொண்டு சென்றுவிட்டார். பாமர மக்களின் அறியாமை எத்தகையது என்று எண்ணி, யாம் மீளவும் பிரளயத்துட் புகுந்தோம்.

இனி, வீட்டிலிருந்தோனுடைய பக்கத்திற் கூறத்தக்க நியாயங்களை முதலில் நேர்மையாக எடுத்து வைப்போம். விற்பனை வெறியினால் விளையுந் தீமை கற்பனையன்று. அமெரிக்க நாட்டிலே நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதற் பண்டிகை. அதன் மறுநாளைக் கருவெள்ளி என்பர். பிலதெல்பியா நகரத்துக் காவலர் அந்நாளின் நெரிசலைச் சகியாது வழங்கிய பெயரே பின்னர் வணிகரின் பெருமைப் பெயராயிற்று. 2008ஆம் ஆண்டு நவம்பர் 28ஆந் திகதி விடியற்காலையில், நியூயோர்க் மாநிலத்துப் பேரங்காடியொன்றின் கதவு திறக்கப்படுமுன்னரே கூட்டம் அதனைத் தகர்த்து உட்புகுந்தபோது, அங்கு வேலைசெய்த தொழிலாளி ஒருவர் மிதியுண்டு மாண்டார். அவரை மிதித்தவர்கள் கொலைஞரல்லர்; குறைந்த விலையை நாடி வந்த சாதாரண மாந்தரே. இத்தகைய வெறியை வெறுத்தே, 1992ஆம் ஆண்டில் கனடாவின் வன்கூவர் நகரத்தில் ‘ஒன்றும் வாங்காத நாள்’ என்னும் இயக்கம் தொடங்கிற்று. பின்னர் அது அக்கருவெள்ளியன்றே அனுட்டிக்கப்படலாயிற்று. எமது நாட்டிலும் அப்பெயரை விளம்பரப் பலகைகளிற் காணும் காலம் வந்துவிட்டது.

நம் தீபாவளியை நோக்கினும், தோட்டப்புறங்களில் அப்பண்டிகை கடனோடு வந்து கடனை விட்டுச் செல்வதை ஆசிரியர்கள் அறிவர். ஐப்பசி அமாவாசையோடு நிறைவுறும் கேதாரகௌரி விரதம் 21 நாள் உணவைச் சுருக்கி இறைவனை நினைக்கும் விரதம். அவ்விரத நாட்களின் முடிவிலேயே ஊர் முழுதும் வாங்குதலில் மூழ்குதல் பொருந்துமா என்று வினவுதல் தகும். ஆகவே, சந்தை வெறியினின்று ஒருநாள் விலகியிருத்தலை யாம் குற்றமென்று கூறவில்லை. குற்றம் வேறிடத்தில் உள்ளது.

அக்கூட்டத்திலே நெருக்குண்டவர் யாவர் என்று யாம் அன்று வினவவில்லை. அதுவே முதற்குற்றம். தோட்டத் தொழிலாளிக்கு 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் விதிக்கப்பட்ட நாட்சம்பளம் அத்தீபாவளிக் காலத்தில் 1,350 ரூபாவாயிருந்தது. வேலைநாட் குறைந்தால் சம்பளமுங் குறையும். தீபாவளிக்கென்று தோட்ட நிருவாகம் தரும் முற்பணமும் கொடையன்று. பின்வருந் திங்கள்களிற் சம்பளத்தினின்றும் பிடித்துக்கொள்ளப்படுவது. அப்பணம் கைக்கு வருவதே பண்டிகைக்குச் சில நாட்களின் முன்னர்த்தான். அதனைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் வேண்டிய துணி, கம்பளி, பாத்திரம், பிள்ளைகளின் பாதணி ஆகியவற்றை வாங்க வேண்டும். ஆயிரம் குடும்பங்களுக்கு ஒரே கிழமையிற் பணம் வந்தால், அந்த ஆயிரம் குடும்பங்களும் ஒரே கிழமையிற்றான் கடைக்கு வரும். அவர்களை நெருக்கியது பேராசையன்று. சம்பளம் வரும் முறையே அவர்களை நெருக்கிற்று. யாமோ மாதச் சம்பளம் பெறுபவர். விரும்பிய நாளில் விரும்பியதை வாங்கவல்லவர். ஒரு கிழமைக்கு முன்னரே வாங்கிவைத்துவிட்டு, வாங்க ஓடுவோரை நோக்கி நிலையாமை பேசினோம். அது துறவாகுமா? வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு உபவாச மகிமை கூறுதல்போலும் அது.

இன்னும் ஒன்று. 2022ஆம் ஆண்டில் இந்நாடு பொருளாதார வீழ்ச்சியுற்றபோது, செப்டெம்பர்த் திங்களிற் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆகவும், உணவுப் பொருளளவில் 94.9 ஆகவும் ஏறிற்று. அடுப்பு வாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் இரவு பகலாய் வரிசையில் நின்றனர். அவ்வாண்டின் தீபாவளியைப் பல பிள்ளைகள் பழந்துணியோடு கழித்தனர். இல்லாமையை அண்மையில் அனுபவித்தவன், கிடைக்கும் நாளில் இரு கையாலும் பற்றுகின்றான். அதனை நகைப்பதன்முன் அதன் காரணத்தை அறிதல் கற்றோர்க்குக் கடன்.

இரண்டாங் குற்றம் இதனினும் பெரிது. அழிவு என்பதை யாம் மாத்திரமே அறிந்தவராகவும், அவர்கள் அறியாதவராகவும் எண்ணினோம். இம்மலைகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோமாக. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வேலைசெய்யத் தமிழ்நாட்டினின்றும் வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் நீர் வேட்கையாலும் வழியிலே மாண்டோர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தோர் நோய் தீர்க்குந் தாயாகிய மாரியம்மையைத் தொழுதனர். மாத்தளையிலே அம்மைக்கு ஐந்து தேர் இழுக்கும் மாசிமக விழாவினைக் காண்போர், அத்தொழுகை எத்துணைத் துயரின்மேல் எழுந்தது என்பதை நினைத்தல் வேண்டும். 1869ஆம் ஆண்டில் இந்நாட்டிற் காணப்பட்ட ஓர் இலைநோய், ஒரு பூஞ்சணத்தினால் வந்தது, இருபதாண்டு எல்லைக்குள் கோப்பிப் பயிரையே ஏறக்குறைய இல்லாதாக்கிற்று. துரைமார் பலர் முதலிழந்தனர், தொழிலாளரோ கூலியிழந்தனர். பின்னரே தேயிலை இம்மலைகளைப் போர்த்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களுள் மிகப் பலர் ஒருநாளில் நாடற்றவராயினர். 1970ஆம் ஆண்டுகளிற் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் கைமாறிய காலத்தில் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்திற்று. 1983ஆம் ஆண்டு யூலைத் திங்களில் மாத்தளை நகரத்துத் தமிழருடைய கடைகளும் வீடுகளும் எரிந்தன. அம்மன் கோயிலுந் தப்பவில்லை. இவை யாவும் கடந்து வந்த குலத்தைச் சேர்ந்த மூதாட்டிக்கு, நாற்காலியில் அமர்ந்து யாம் பிரளயம் போதித்தோம்! “கரையிறப்பக் கரையட்டும்” என்று அவர் கூறியது அறியாமையன்று. அழிவைப் பலகாற் கண்டு, அதன்பின்னரும் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டியவர்களின் வாக்கு அது.

இனிச் சித்தாந்தம் அழிவைப்பற்றி யாது கூறுகின்றது என ஆராய்வாம். இறைவனுடைய திருத்தொழில்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். அழித்தலைத் தனியே பிரித்தெடுத்துச் சினத்தின் செயலென்று கூறுதல் சைவக் கொள்கையன்று. பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு ஓய்வு நல்குதலே ஒடுக்கத்தின் பயன் என்பது ஆன்றோர் துணிபு. எவன்கண் உலகம் ஒடுங்குகின்றதோ, அவனிடத்தினின்றே அது மீளத் தோன்றும் என்பதும் மெய்கண்டார் முதற் சூத்திரத்தில் நிறுவிய பொருள். ஆகவே பிரளயம் சைவனுக்கு அச்சுறுத்தும் முடிவுமன்று; பாவிகளைப் பழிவாங்குந் தண்டனையுமன்று. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்கள் மலப்பிணி நீங்குதற்கு இறைவன் உபகரித்தவை. துணியும் அரிசியும் விளக்கெண்ணெயும் இந்நான்கனுள் அடங்கும். சந்தையும் அடங்கும். இறைவன் தந்தவற்றை இழிவென்று முகஞ்சுளித்தல் ஞானமாகாது. அவற்றிலே கட்டுண்டு கிடத்தலும் ஞானமாகாது. ஓர் உயிரின் பசியையும் நாணத்தையும் தீர்க்கப் பயன்படும்போது அவை செம்மையான இடத்தில் நிற்கின்றன.

நம் முன்னோர் வைராக்கியத்தை ஆராய்ந்து, நில்லாத வைராக்கியம் மூன்று என்று வகுத்தனர். சுடுகாட்டிலே பிணம் எரியக் கண்டவன் கொள்வது மயான வைராக்கியம். ஈனும் வேதனையிற் பெண் கொள்வது பிரசவ வைராக்கியம். புராணங் கேட்டிருக்கும் அளவிற் கொள்வது புராண வைராக்கியம். மூன்றும் அவ்விடம் நீங்கியவுடன் நீங்குவன. யாம் அன்று விறாந்தையிற் கொண்டது இவற்றுள் எதனோடும் முற்றும் ஒவ்வாதது. ஏனெனில் மயானத்திற்குச் சென்றவனாவது பிணத்தைக் கண்ணாற் காண்கின்றான். யாம் ஒன்றையுங் காணாது, இருந்தவிடத்திலிருந்தே உலகத்தை எரித்தோம். எரித்த சாம்பரின் நடுவே எமது நாற்காலி மாத்திரம் எரியாதிருந்தது!

நாற்பது நாட் செல்லுமுன்னர் உண்மையாகவே மலை கரைந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம், 28ஆம் நாட்களில் டிட்வா என்னும் சூறாவளி இலங்கையைத் தாக்கிற்று. காற்றினும் மழையே பெருங் கேடு செய்தது. பலவிடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்தது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மாவட்டங்களில் மலைச் சரிவுகள் நீரைக் குடித்துப் பாரமேறி, அடியிலுள்ள பாறையின்மேல் வழுக்கி, வீடுகளின்மேல் இறங்கின. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தெருக்கள் அறுந்தன, புகையிரதப் பாதைகள் மண்ணுட் புதைந்தன, மின்விளக்கும் தொலைபேசியும் அடங்கின. 28ஆந் திகதி வெள்ளிக்கிழமை. மேனாட்டிலே கருவெள்ளி கொண்டாடப்பட்ட நாளும் அதுவே.

எமது இல்லத்திற்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்று இடம்பெயர்ந்தோர்க்குத் தங்குமிடமாயிற்று. அன்று மாலை யாம் அங்கே சென்றோம். சென்றோமேயன்றிச் செய்வது யாதென்று அறியாது வாயிற்படியில் நின்றோம். பிரளயத்தைப்பற்றி அத்துணை நுணுகிச் சிந்தித்த எமக்கு, ஈரத் தரையிற் குந்தியிருந்த நூறு பேருக்கு முதலில் வேண்டுவது தண்ணீரா, பாயா, விளக்கா என்பது தோன்றவில்லை. உள்ளே அந்த மூதாட்டியாரைக் கண்டோம். அவருடைய லயத்தின் பின்புறத்து மண்மேடு இரவிலே சரிந்தது. அயலவர் கூவிய சத்தத்தைக் கேட்டுக் குடும்பத்தோடு வெளியேறி உயிர் தப்பினர். வெளியேறும்போது அவர் கையில் எடுத்தது, தீபாவளி முதல்நாளில் நடைபாதைக் குவியலில் விலைபேசி வாங்கிய கம்பளியொன்றும் பேரப்பிள்ளையின் புதுச்சட்டையுமே. அக்கம்பளி அப்போது அவர் தோளில் இல்லை. யாரோ ஒருத்தியின் கைக்குழந்தையைச் சுற்றியிருந்தது. புதுச்சட்டை வேறொரு சிறுமியின் உடலில் இருந்தது. எம்மைக் கண்டதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, “ஐயா, சாப்பிட்டீங்களா?” என்பதே.

அவ்வார்த்தைக்கு யாம் விடை கூறவில்லை. கூற நா எழவில்லை. ஆசிரியரொருவர் எம் கையில் ஒரு கொப்பியைத் தந்து, வந்தோரின் பெயரை எழுதுமாறு கூறினார். எழுதினோம். பின்னர் அரிசி கழுவினோம். அன்றிரவு யாம் செய்த பணி அவ்வளவே. ஆயினும் விறாந்தையில் ஒரு பகல் முழுதும் சிந்தித்ததனால் விளங்காத ஒன்று அந்தக் கொப்பியிற் பெயர் எழுதும்போது விளங்கிற்று. அழிவு என்பது பொதுவான ஒன்றன்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வோர் அழிவு உண்டு. பெயர் கேளாதவன் அழிவை அறியான்.

ஈண்டு ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். அத்துயர நாட்களில் நம்மவர் சிலர், “எல்லாம் அவரவர் வினைப்பயன்” என்று கூறி அமைந்தனர். வினைக் கொள்கை சைவத்தின் தூண்களுள் ஒன்று. அதனை யாம் மறுக்கவில்லை. ஆனால் அது எவர்பொருட்டு அருளப்பட்டது? எனக்கு வந்த துன்பத்தை யான் பிறர்மேல் வைத்து வெகுளாமைப்பொருட்டு அருளப்பட்டது. பிறர்க்கு வந்த துன்பத்தை யான் கண்டும் இரங்காமைப்பொருட்டு அருளப்பட்டதன்று. அவன் வினை அவனுக்கு வந்ததாயின், அதனைக் காணும் நிலையில் என்னை வைத்தது என் வினை. யான் யாது செய்வேன் என்பதே எனக்குரிய வினா. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, அடியார் திருநாளன்று, போர்த்துக்கல் நாட்டு லிசுபன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தபோது, கோயில்களில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் பலர் இடிபாடுகளில் மாண்டனர். இவர்கள் செய்த பாவம் யாது என ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். மிஷன் பாடசாலையில் எமக்குக் கற்பித்த உபாத்தியாயர் வெள்ளத்தையும் நெருப்பையும் உரத்து வாசித்தார். ஆயினும் அதே வேதத்திலே, கோபுரம் ஒன்று வீழ்ந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் ஏனையோரிலும் பாவிகளல்லர் என்று இயேசுநாதர் தெளிவித்த பகுதியும் உண்டு. அதனை அவர் மெல்லிய குரலில் வாசித்தமையால் யாம் மறந்துவிட்டோம் போலும். நல்லது எங்கிருப்பினும் ஏற்றல் சைவர்க்கு இழுக்கன்று.

நம் சமயத்தின் சான்றுகளோ இன்னும் தெளிவானவை. திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்துற்றபோது, திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அங்கே எழுந்தருளியிருந்தனர். உலகம் நிலையாது என்பதை அவ்விருவரினும் அறிந்தார் யாவர்? அறிந்தும் அவர்கள் கண்மூடி அமரவில்லை. இறைவன் நாடோறும் அருளிய பொற்காசுகளைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, பண்டம் வாங்குவித்து, அடியார்க்கு அமுது செய்வித்தனர். சம்பந்தர் பெற்ற காசு வட்டங்கழித்தே மாற்றப்பட்டமையால் அவருடைய மடத்தில் அமுது தாழ்ந்தது என்பதும், கைத்தொண்டு செய்த நாவுக்கரசருடைய காசு அங்ஙனம் குறையவில்லை என்பதும் பெரியபுராணஞ் செப்பும் வரலாறு. ஞானப்பிள்ளையார், காசின் மாற்றைப்பற்றியும் கடையிற் பண்டம் வரும் நேரத்தைப்பற்றியும் கவலை கொண்டார்! அக்கவலை அவர் ஞானத்தைக் குறைக்கவில்லை. அடியார் பசித்திருப்பர் என்பதனால் வந்த கவலை அது. அந்நாளிலே திருவீழிமிழலைச் சந்தையிற் பண்டம் வாங்க நெருக்குண்டு நின்ற தொண்டன், வீட்டிலிருந்து பிரளயஞ் சிந்தித்தவனிலும் இறைவனுக்கு அணியனாயினான் என்க.

அண்மைக் காலத்துச் சான்று ஆறுமுக நாவலரவர்கள். அவர்கள் மிஷன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிற் பணிபுரிந்து, பின்னர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதை நாம் அனைவரும் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். 1877ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்திலே கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்துவித்து ஏழைகளின் பசி தீர்த்ததை அத்துணை அழுத்தமாகக் கற்பிக்கின்றோமா? கண்டனங்கள் எழுதிய கையே கஞ்சிக்கும் ஏற்பாடு செய்தது. சமயத்தைக் காத்தல் வேறு, சனத்தைக் காத்தல் வேறு என்று அவர்கள் கருதவில்லை.

ஆகவே தொடக்கத்தில் வைத்த வினாவுக்கு எமக்குத் தோன்றிய விடை இது. ஆரவார நாளிலே வீட்டிலிருத்தல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அழிவைச் சிந்தித்தல் நன்றே. ஆயினும் அச்சிந்தனையின் தூய்மையை அறிதற்கு ஓர் உரைகல் உண்டு. சிந்தித்து முடிந்தபின் படலையில் வந்து நிற்பவரைக் கண்டு எழுந்தோமா, எழாதிருந்தோமா? எழுந்தோமாயின் அது நிலையாமை உணர்ச்சி. எழாதிருந்தோமாயின் அது நிலையாமை என்னும் ஆடை புனைந்த செருக்கு. யாம் அன்று எழவில்லை.

ஆசிரிய அன்பர்களே! இவ்வனுபவத்தினின்று நம் பாடசாலைகளிற் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிக்கின்றோம். முதலாவது, அழிவைப்பற்றிய அறிவைப் பயனுள்ள அறிவாகக் கொடுத்தல். மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கைகள் மூன்று நிலையின: மஞ்சள் நிறம் விழிப்பாயிருத்தற்கும், செம்மஞ்சள் நிறம் வெளியேற ஆயத்தமாதற்கும், சிவப்பு நிறம் உடனே வெளியேறுதற்கும் உரியன. சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியன மலை பேசும் மொழி. ஐந்தொழிலை ஒப்பிக்கும் மாணவன் இவற்றையும் ஒப்பிக்கட்டும். உயிர் காக்கும் அறிவு சமய அறிவுக்குப் புறம்பன்று.

இரண்டாவது, தீபாவளிக்கு முன்னர் வகுப்பிலே அதைப்பற்றிப் பேசும்போது, வாங்குதலை இகழாதிருத்தல். தந்தை கடன்பட்டு வாங்கிய சட்டையோடு வரும் பிள்ளைக்கு அச்சட்டையே அவ்வாண்டின் பெருமை. கடனை எங்ஙனம் குறைக்கலாம், முற்பணத்தை எங்ஙனம் பகுத்துச் செலவிடலாம் என்பதைப் பெற்றோர்க்கு வேறு நாளில், வேறு குரலில், கணக்கோடு காட்டலாம். மூன்றாவது, சந்தை நெருக்கத்திற் செல்ல இயலாத முதியோர்க்கும், பிள்ளையோடு தனியே செல்லும் தாய்மார்க்கும் மூத்த மாணவரைத் துணையாக அனுப்பும் வழக்கத்தைச் சைவ மாணவர் மன்றங்கள் ஏற்படுத்தலாம். பையைச் சுமத்தலும் சரியைத் தொண்டே.

வருகின்ற தீபாவளிக்கு முதல்நாளிலும் மாத்தளை நகரம் முன்போலவே ஆர்க்கும். எமது மூச்சும் முன்போலவே திணறும். ஆயினும் அன்று யாம் வீட்டிலிருக்க எண்ணவில்லை. அம்மூதாட்டியார் இப்போது வேறோரிடத்தில், உறவினர் வீட்டில் ஒதுங்கி வாழ்கின்றார். அவ்வீட்டுப் படலையில் இம்முறை யாம் போய் நின்று, “பட்டணத்துக்குப் போவோமா அம்மா?” என்று கேட்கக் கருதியுள்ளோம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையை எமக்குத் தருவாராயின் அதுவே போதும்.

சிவசிவ.